மண் தொட்டியில் அடித்த பெயின்ட் உரிந்து வருகிறது, என்ன செய்யலாம்?

வாசல் படியோரம் வெறிச்சென்று இருந்த இடத்துக்குக் கொஞ்சம் நிறம் சேர்க்கலாம் என்று, 6 மண் தொட்டிகளுக்கு மஞ்சளும் நீலமுமாக வெளிச்சுவர் அக்ரிலிக் எமல்ஷன் அடித்தேன். ஆசை ஆசையாகச் செய்த வேலை. 3 வாரம்தான் தாங்கியது. அடியிலிருந்து நான்கு விரல் உயரம் வரை பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி நிற்கிறது. நகத்தால் தொட்டால் தோல் மாதிரி உரிகிறது, உள்ளே உப்புப் பூத்தது போல வெள்ளைத் தூள். விளிம்பில் மட்டும் நிறம் இன்னும் பளிச்சென்று இருக்கிறது.

முதல் முறை பிரைமர் அடிக்கவில்லை. அப்புறம் 2 தொட்டிகளை உப்புத்தாளால் தேய்த்து, கழுவி, 2 நாள் வெயிலில் காயவைத்து, பிரைமர் ஒரு கோட், பெயின்ட் இரண்டு கோட், மேலே வார்னிஷும் கொடுத்தேன். பத்தாம் நாள் அதே கொப்புளம். செடி வைக்காமல் சும்மா விட்ட ஒரு தொட்டிக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அதனால் ஈரம் உள்ளிருந்துதான் கசிகிறது என்று நினைக்கிறேன். தினமும் ஒருவேளை தண்ணீர், மதியத்துக்கு மேல் நேர் வெயில். வடிகால் துளை அடைபடவில்லை, பார்த்துவிட்டேன்.

வேருக்குக் கெடுதல் இல்லாமல் தொட்டியின் உட்புறத்தில் எதைப் பூசினால் இந்தக் கசிவு நிற்கும்?