காமன் ரீடிங்: பொது வாசிப்பா, பொதுநூலா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். 'காமன் ரீடிங்' என்பதற்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும். ஏன் வேண்டும் என்பதற்குப் போன ஆண்டு நடந்த கூத்தைச் சொன்னால் போதும்.

முதலாண்டு சேரும் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே புத்தகத்தைக் கொடுப்பது, வகுப்பு தொடங்குமுன் வீட்டிலேயே படித்து வரச் சொல்வது, முதல் வாரத்தில் சிறு சிறு குழுவாக உட்கார்ந்து பேச வைப்பது என்று நாங்கள் சிலர் திட்டம் போட்டோம். சுற்றறிக்கையில் 'பொது வாசிப்பு நிகழ்ச்சி' என்று போனது. அன்று காலை போய்ப் பார்த்தால் கலையரங்கத்தில் மைக் கட்டியிருக்கிறது. மேடையில் ஒரு மாணவி புத்தகத்தை உரக்க வாசிக்கிறாள், கீழே அரங்கம் முழுக்கக் கொட்டாவி. ஏற்பாடு செய்தவர்மேல் தப்பில்லை. சொல்லைப் படித்தார், படித்தபடி செய்தார்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இதைக் காமன் ரீட் அல்லது காமன் ரீடிங் புரோகிராம் என்கிறார்கள். ஊர் முழுக்க ஒரே புத்தகம் என்ற பொதுமக்கள் வடிவம் 1998-இல் சியாட்டில் நகரப் பொது நூலகத்தில் தொடங்கியது. கல்லூரிக்குள் வரும்போது அதன் வேலை வேறு. வேதியியலுக்கு வந்தவனும் வணிகவியலுக்கு வந்தவளும் முதல் நாள் பேசிக்கொள்ள ஒரு விஷயம் வேண்டும், அதற்குத்தான் புத்தகம். குழுவை நடத்துகிறவர் எந்தத் துறை ஆசிரியராகவும் இருக்கலாம். மதிப்பெண் போடுவது அங்கே பெரும்பாலும் நோக்கமில்லை. 2002-இல் சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகம் குர்ஆன் பற்றிய ஒரு நூலைத் தேர்ந்தெடுத்தபோது விவகாரம் நீதிமன்றம் வரை போனது. படிக்க விரும்பாதவர்கள் ஏன் படிக்கவில்லை என்று ஒரு பக்கம் எழுதித் தரலாம் என்று பல்கலைக்கழகம் வழி விட்டது. நம் சொல்லும் 'பாடநூல்' பக்கம் சாயாமல் இருக்க வேண்டும் என்று நான் நினைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நம் பிள்ளைகளுக்குப் 'பாடம்' என்று காதில் விழுந்தாலே அடுத்த கேள்வி, "எத்தனை மார்க்குக்கு?"

இதுவரை வந்த யோசனைகளைப் பார்ப்போம். 'கூட்டு வாசிப்பு' என்றால் தொடக்கப் பள்ளியில் எல்லாரும் ஒரே குரலில் கத்துவதுதான் நினைவுக்கு வருகிறது. 'பகிர்வு வாசிப்பு' சின்னப் பிள்ளைகளுக்கு ஆசிரியர் புத்தகத்தை விரித்துக் காட்டிப் படிக்கும் முறைக்குப் பொருந்தும். 'உடன்வாசிப்பு' காதுக்கு இனிமைதான். ஆனால் அலுவலகத் தமிழில் 'உடன்' என்றால் 'உடனே'. உடன் வாசித்து விவரம் தெரிவிக்கவும் என்று யாராவது கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

எனக்குத் தோன்றுவது இதுதான். 'வாசிப்பு' என்பதையே பிடித்துத் தொங்குவதால்தான் தடுக்குகிறோம். வாசிப்பு இங்கே பொதுவாக நடக்கவே இல்லை, அவரவர் தனித்தனியே படிக்கிறார்கள். பொதுவாக இருப்பது புத்தகம். எங்கள் ஊரில் 'வேறு வைத்தல்' என்று ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமான மகனுக்கும் மருமகளுக்கும் அதே வீட்டுக்குள் தனி அடுப்பு வைத்துக் கொடுப்பார்கள். சமையல் வேறு, அறை வேறு, வளவு என்கிற வீட்டு நடுமுற்றம் மட்டும் எல்லாருக்கும் ஒன்று. நல்லது கெட்டது எல்லாம் அங்கேதான். இந்தத் திட்டத்தில் வளவு அந்தப் புத்தகம். அதற்குப் பெயர் வைத்தால் மற்றவை தானாக வரும்.

ஆகவே 'பொதுநூல்', சேர்த்து ஒரே சொல்லாக. திட்டம் பொதுநூல் திட்டம், பேச்சு பொதுநூல் உரையாடல், அட்டையில் 'இவ்வாண்டுப் பொதுநூல்'.

(ஒரே நூலைச் சுற்றி ஊர் கூடுவது இங்கே புதிதில்லை. 1939 முதல் காரைக்குடியில் கம்பன் விழா நடக்கிறது. ஆனால் அங்கே நாம் கேட்பவர்கள். படித்துவிட்டு எதிர்த்துப் பேசும் இடம் வேறு.)

*

தேவகோட்டையிலிருந்து மறுமொழி:

தம்பி, வளவு உவமை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 'பொதுநூல்' என்றதும் எனக்குப் பொது நூலகம்தான் கண்ணில் நிற்கிறது. அங்கிருந்து எடுத்து வந்த புத்தகம் என்று நினைக்க மாட்டார்களா? அப்புறம், இலக்கண நூலின் முன்னுரையைப் பொதுப்பாயிரம், சிறப்புப்பாயிரம் என்று பிரித்துப் படித்தவர்கள் "சரி, சிறப்புநூல் எது?" என்று கேட்பார்கள்.

நன்னூலைப் பாருங்கள். ஆசான் சொல்வதை நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் மாணவனுக்குச் சேர்வது கால் பங்கு. உடன் படிப்பவரோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரை, தான் பிறருக்குச் சொல்லும்போது. நீங்கள் செய்வது அந்த இரண்டாவது கால் பங்குக்கான வேலை. 'உடன்பயில் நூல்' என்று வைத்தால் வேர் நம்முடையதாக இருக்கும்.

*

ஐயா, வணக்கம்.

அந்தக் கால் பங்குக் கணக்கை நான் மறந்தே போயிருந்தேன். திட்டக் குறிப்பின் முதல் பத்தியில் அதைத்தான் போடப் போகிறேன். ஆனால் பெயராக 'உடன்பயில் நூல்' வேண்டாம் என்றே படுகிறது. 'பயில்' என்றதும் பிள்ளைகளுக்குப் பயிற்சி ஏடு ஞாபகம் வரும். 'உடன்' பற்றி மேலே புலம்பிவிட்டேன். எங்கள் தட்டச்சர் அதை மூன்று துண்டாக உடைத்து அடிப்பார் என்பதும் உறுதி.

பொது நூலகக் குழப்பத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குறளைப் பொதுமறை என்கிறோமே, அதில் 'பொது' என்பது எல்லாருக்கும் உரியது என்ற பொருளில்தானே நிற்கிறது? நான் நாடுவது அந்தப் 'பொது'. முன்னால் 'முதலாண்டு' என்று ஒட்டிவிட்டால் நூலகப் பக்கம் யாரும் போக மாட்டார்கள். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2019-இல் புது மாணவர்களுக்கான அறிமுக நிகழ்ச்சிக்குத் 'தீக்ஷாரம்ப்' என்று பெயர் வைத்தது. அதற்கு நடுவில் 'முதலாண்டுப் பொதுநூல்' வந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். 'சிறப்புநூல் எது?' என்று கேட்கிறவருக்கு அவரவர் துறைப் பாடநூலைக் காட்டிவிடுவேன்.

இந்த ஜூலைச் சுற்றறிக்கை வரும் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் இதைவிட நல்ல சொல் கிடைத்தால் மாற்றத் தயார். இல்லாவிட்டால் அட்டையில் ஒட்டும் சீட்டு இப்படி இருக்கும்: 'முதலாண்டுப் பொதுநூல். வீட்டில் படித்து வரவும். தேர்வு கிடையாது. மைக்கும் கிடையாது.'