கொழுப்பு ஒட்டிய புரதம் செல்லை விட்டு எப்படி வெளியேறுகிறது? படம் வேண்டும்

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஓர் உதவி. பாளையங்கோட்டையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் எடுக்கிறேன். மூன்று நாள் அடையிலிருந்த நாட்டுக்கோழி முட்டையின் ஓட்டில் சின்ன ஜன்னல் வெட்டிக் காட்டினேன். குண்டூசித் தலை அளவு இதயம் சிவப்பாகத் துடித்தது. பிள்ளைகள் மூச்சடக்கி நின்றார்கள்.

கருவில் சிறகாக வளரப்போகும் சின்னப் புடைப்பான சிறகு மொட்டின் பின் ஓரத்துச் செல்கள் சுரக்கும் சோனிக் ஹெட்ஜ்ஹாக் புரதம்தான் பரவிப் போய், எந்த விரல் எங்கே வரவேண்டும் என்று சொல்கிறது என்றேன். அதன் ஒரு முனையில் கொலஸ்ட்ரால், மறுமுனையில் பால்மிட்டிக் அமிலம்; இரண்டுமே கொழுப்பு வகை. “கொழுப்பு செல் சவ்விலேயே ஒட்டிக்கிடுமே சார், அப்புறம் எப்படித் தூரமாப் போகும்?” என்றாள் ஒருத்தி. எவ்வளவு நல்ல கேள்வி! டிஸ்பாட்ச்டு என்ற சவ்வுப் புரதம் அதை வெளியே விட, ஸ்கியூப் என்ற புரதம் வாங்கிக்கொள்கிறது என்றேன். வாயால் சொன்னது போதவில்லை.

இதைக் காட்டும் தமிழ்ப் படமோ அசைபடமோ யாரிடமாவது இருக்கிறதா? வெள்ளிக்கிழமை வகுப்புக்குள் கிடைத்தால் நல்லது.