பிரைமரியில் எந்தக் கட்சிச் சீட்டை வாங்குவது? நவம்பரில் மட்டும் ஓட்டுப் போட்டால் போதாதா?

புதுவாக்காளர் (மாசசூசெட்ஸ்)

ஷ்ரூஸ்பரியில் பதினான்கு வருஷமாக இருக்கிறோம். குடியுரிமை கிடைத்தது போன வருஷம்தான். வாக்காளர் பதிவுப் படிவத்தில் கட்சி என்ற இடத்துக்கு வந்ததும் கொஞ்ச நேரம் பேனாவோடு முழித்துவிட்டு, 'கட்சி இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டேன். ஊரில் எங்கள் அப்பா ஒரு கட்சி, சித்தப்பா இன்னொரு கட்சி. தீபாவளிக்குக்கூடப் பேசிக்கொள்ள மாட்டார்கள். அந்தப் பயம்.

போன சனிக்கிழமை நூலக வாசலில் ஒரு பையன் கிளிப்போர்டும் பேனாவுமாக நின்றான். செனட்டர் எட் மார்க்கியை எதிர்த்து சேத் மோல்டன் நிற்கிறார், டெமக்ராட் கட்சி வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் பிரைமரித் தேர்தலின் வாக்குச்சீட்டில் அவர் பெயர் வர 10,000 கையெழுத்து வேண்டும், ஒன்று போடுங்கள் என்றான். குளிரில் அவன் கை நடுங்கிக்கொண்டிருந்தது. பாவமாக இருந்தது, போட்டுவிட்டேன். என் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து அந்தக் கோட்டுக்குள் அடங்கவில்லை. கடைசி நாலு எழுத்தை ஓரத்தில் மேலே ஏற்றி எழுத வேண்டியதாயிற்று.

வீட்டுக்கு வந்து சொன்னால் என் கணவர், "மார்க்கி உனக்கு என்ன கெடுதல் செய்தார்?" என்கிறார். அதானே? 1976இலிருந்து காங்கிரஸில், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தில் இருப்பவர், 2013இலிருந்து செனட்டர். சொந்தக் கட்சிக்காரரே ஏன் அவரை எதிர்க்க வேண்டும்? தலைமை ஒரு வார்த்தை சொல்லி அடக்காதா? நான் கையெழுத்துப் போட்டதால் மோல்டனுக்குத்தான் ஓட்டுப் போட வேண்டுமா? கட்சியே இல்லாத நான் பிரைமரிக்குப் போகலாமா, இல்லை நவம்பரில் பார்த்துக்கொள்ளலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாஸ்டன் பழசு

முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். அந்தக் கையெழுத்து 'இவர் பெயர் சீட்டில் இருக்கட்டும்' என்பதற்கு மட்டும்தான். நாளைக்கே மார்க்கியின் ஆள் வந்து நின்றால் அவருக்கும் போடலாம், தப்பில்லை. டவுன் கிளார்க் அலுவலகத்தில் பெயரையும் முகவரியையும் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். ஓரத்தில் ஏறின நாலு எழுத்தை அவர்கள் வாசித்தால் உங்கள் அதிர்ஷ்டம்!

கட்சி இல்லை என்று பதிந்தவரை இங்கே 'அன்என்ரோல்ட்' என்பார்கள். இந்த மாநிலத்தில் பாதிக்கு மேல் அப்படித்தான். அவர்கள் பிரைமரியில் ஏதாவது ஒரு கட்சிச் சீட்டைக் கேட்டு வாங்கி ஓட்டுப் போடலாம். போட்ட பிறகும் கட்சி இல்லாதவராகவே இருப்பீர்கள். ஆனால் எந்தக் கட்சிச் சீட்டு வாங்கினீர்கள் என்பது பதிவாகும். யாருக்குப் போட்டீர்கள் என்பது ஆகாது. தபாலில் போடுவதாக இருந்தால் விண்ணப்ப அட்டையில் எந்தக் கட்சிச் சீட்டு வேண்டும் என்று டிக் செய்ய மறக்க வேண்டாம். அதை விட்டால் பிரைமரிச் சீட்டு வராது.

'தலைமை அடக்காதா' என்று கேட்டது நம் ஊர்க் கேள்வி. இங்கே சீட் கொடுக்கும் தலைவர் கிடையாது. டெமக்ராட் கட்சியில் மாநில மாநாட்டில் 15 சதவீதப் பிரதிநிதிகளின் ஆதரவும் கையெழுத்தும் இருந்தால் யாரும் நிற்கலாம். பெரிய தலைவர்கள் ஆதரவு தருவார்கள், பணம் திரட்டித் தருவார்கள். தடுக்க முடியாது.

மார்க்கிக்கு இது புதிதும் இல்லை. 2020இல் எதிர்த்து நின்றது ஜோ கென்னடி, ராபர்ட் கென்னடியின் பேரன். அப்போது மார்க்கிக்கு 74, கென்னடிக்கு 39. அப்போது பிரதிநிதிகள் சபைத் தலைவராக இருந்த நான்சி பெலோசியே கென்னடியை ஆதரித்தார். கிழவர் முடிந்தார் என்றுதான் நானும் நினைத்தேன். கடைசியில் கல்லூரிப் பிள்ளைகள் எல்லாம் கிழவர் பக்கம்! அதற்கு முந்தைய வருஷம் இளம் காங்கிரஸ் உறுப்பினர் ஒகாசியோ கோர்டெஸோடு சேர்ந்து பசுமைத் திட்டத் தீர்மானம் கொண்டுவந்திருந்தார், அது அவர்களைப் பிடித்துக்கொண்டது. அவர் பழைய விளையாட்டுக் காலணியைப் போட்டுக்கொண்டு நிற்கும் படம் எல்லார் போனிலும் சுற்றியது. செப்டம்பர் 1ஆம் தேதி 55க்கு 45 என்று ஜெயித்தார். மாசசூசெட்ஸில் தேர்தலில் தோற்ற முதல் கென்னடி அந்தப் பேரன்தான். வாரிசு என்பதால் மட்டும் ஓட்டு விழாது என்று ஒரு இடத்திலாவது நிரூபணமானதே என்று எனக்கு அற்ப சந்தோஷம்.

இந்த முறை பிரைமரி நாளில் அவருக்கு 80. மோல்டன் அதைத்தான் பேசுகிறார்.

கொலம்பஸ்காரன்

பழசு விதிகளைச் சொல்லிவிட்டார். நான் என் கதையைச் சொல்கிறேன், ஏனென்றால் 'நவம்பரில் பார்த்துக்கொள்ளலாம்' என்று நினைத்தவன் நான்.

இது ஒஹாயோ கொலம்பஸ் இல்லை, இந்தியானா கொலம்பஸ். கம்மின்ஸ் எஞ்சின் கம்பெனி இருக்கும் ஊர், அதனால் தமிழர்களும் இருக்கிறோம். நான் 2011இல் குடியுரிமை வாங்கினேன். அப்போது எங்கள் செனட்டர் ரிச்சர்ட் லூகர். இண்டியானாபொலிஸ் மேயராக இருந்து 1977இல் செனட்டுக்குப் போனவர், ரிபப்ளிகன். 2006இல் அவரை எதிர்த்து டெமக்ராட் கட்சி ஆளே நிறுத்தவில்லை. 87 சதவீதம் வாங்கினார். சோவியத் உடைந்தபோது அங்கே கிடந்த அணு ஆயுதங்களை அழிக்க 1991இல் சாம் நன் என்ற டெமக்ராட்டோடு சேர்ந்து சட்டம் கொண்டுவந்தவர். எனக்கு அவரைப் பிடிக்கும். கத்த மாட்டார், கணக்கு வாத்தியார் மாதிரிப் பேசுவார்.

2012இல் ஏழாவது பதவிக்காலத்துக்கு நின்றார். அவருக்கும் அப்போது 80தான். எதிர்த்தவர் மாநிலப் பொருளாளர் ரிச்சர்ட் மர்டாக். அவருக்கு டீ பார்ட்டி என்ற தீவிர வலதுசாரி இயக்கத்தின் ஆதரவு. லூகர் ஒபாமா நியமித்த இரண்டு உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கு ஓட்டுப் போட்டார், வங்கிகளுக்குப் பணம் கொடுத்ததை ஆதரித்தார் என்றெல்லாம் குற்றச்சாட்டு. வெளி மாநில அமைப்புகள் விளம்பரத்துக்குப் பணத்தைக் கொட்டின.

ஆனால் எங்கள் ஆபீஸ் கேண்டீனில் பேசியது அதைப் பற்றி இல்லை. வீட்டைப் பற்றி! மனுஷர் 1977இலேயே இண்டியானாபொலிஸ் வீட்டை விற்றுவிட்டு வாஷிங்டன் பக்கத்தில் வர்ஜீனியாவில் குடியேறிவிட்டார். ஆனால் வாக்காளர் பதிவில் அந்த விற்ற வீட்டின் முகவரியே 35 வருஷமாக இருந்திருக்கிறது. வேறு யாரோ குடியிருக்கும் வீடு! இந்தியானாவுக்கு வந்தால் ஹோட்டலில் தங்குவார். சட்டப்படி அவர் பக்கம் நியாயம் உண்டு, அரசுப் பணிக்காக வெளியே போனவர் குடியிருப்பு உரிமையை இழப்பதில்லை. இருந்தாலும் மார்ச்சில் மேரியன் கவுண்டி தேர்தல் வாரியம் அந்த முகவரியில் ஓட்டுப் போடத் தகுதியில்லை என்று சொல்லிவிட்டது. அப்புறம் குடும்பப் பண்ணை முகவரிக்கு மாற்றினார். மாற்றி என்ன? எங்கள் கேண்டீனில் இருபது வருஷம் ரிபப்ளிகனுக்குப் போட்ட மெஷினிஸ்ட் ஒருவர் சொன்னது ஒரே வரி: "நல்ல மனுஷன், ஆனா இங்க இல்லையே." நீதிபதி ஓட்டும் வங்கிப் பணமும் விளம்பரத்தில் வந்து போயின. இந்த வீட்டு விஷயம்தான் மனசில் நின்றது என்பது என் கணிப்பு.

சரி, மே 8. என் முதல் ஓட்டு. இந்தியானாவில் கட்சிப் பதிவு என்பதே கிடையாது. வாக்குச்சாவடியில் மேஜைக்குப் பின்னால் இருப்பவர் வாய்விட்டுக் கேட்பார்: ரிபப்ளிகன் சீட்டா, டெமக்ராட் சீட்டா? அன்று அந்த மேஜையில் இருந்தது எங்கள் பக்கத்து வீட்டு அம்மா. எனக்குப் பின்னால் வரிசையில் என் டீம் லீடர், பழுத்த டெமக்ராட். அதோடு, கடந்த தேர்தலில் எந்தக் கட்சிக்கு அதிகம் போட்டாயோ, அல்லது வரும் தேர்தலில் போடப் போகிறாயோ, அந்தக் கட்சிச் சீட்டைத்தான் வாங்க வேண்டும் என்று சட்டம் என்று எங்கேயோ படித்து வைத்திருந்தேன். உண்மையில் அதை யாரும் சோதிப்பதில்லை. அது அப்போது தெரியாது. கடந்த தேர்தலில் நான் ஓட்டே போட்டதில்லையே, கேட்டால் என்ன சொல்வது? அந்த அம்மா பேனாவை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். வாயிலிருந்து "டெமக்ராட்" என்று வந்துவிட்டது.

சீட்டைப் பார்த்தால் செனட் இடத்தில் ஒரே ஒரு பெயர். ஜோ டானலி. போட்டியே இல்லை. போட்டி இல்லாத இடத்தில் கௌரவமாக ஓட்டுப் போட்டுவிட்டு, சட்டையில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வெளியே வந்தேன். இங்கே ஆறு மணிக்கே வாக்குச்சாவடியை மூடிவிடுவார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்குள் செய்தி வந்துவிட்டது: மர்டாக் 60, லூகர் 40.

என் ஒரு ஓட்டால் அது மாறியிருக்காது, வித்தியாசம் சுமார் 1.4 லட்சம். ஆனால் எண்ணிக்கையைப் பாருங்கள். அந்தப் பிரைமரியில் விழுந்தது ஆறரை லட்சம் ஓட்டு. நவம்பரில் அதே செனட் இடத்துக்கு விழுந்தது 25 லட்சத்துக்கு மேல். நாலில் ஒரு பங்கு ஆள் கூடி 35 வருஷ செனட்டரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மற்ற மூன்று பங்கு, என்னையும் சேர்த்து, நவம்பரில் போய்ப் பார்த்தால் அவர் பெயரே இல்லை. தோற்றவர் சுயேச்சையாக நிற்கவும் இந்தியானா சட்டம் விடாது.

மீதிக் கதையும் வேடிக்கை. அக்டோபர் விவாதத்தில் மர்டாக், பலாத்காரத்தால் கரு உண்டானாலும் அது கடவுள் நினைத்து நடப்பதுதான் என்கிற மாதிரிப் பேசிவிட்டார். ரிபப்ளிகன் கோட்டையில் டெமக்ராட் டானலி 50க்கு 44 என்று ஜெயித்தார். ஆக, நான் மே மாதம் கூச்சத்தில் குத்திய ஆள்தான் கடைசியில் செனட்டர்! டீம் லீடர் எனக்கு டோனட் வாங்கித் தந்தார். நான் உண்மையைச் சொல்லவில்லை.

டெல்டாவாசி (மிசிசிப்பி)

கொலம்பஸ்காரரே, உங்கள் ஊரில் 1.4 லட்சம். எங்கள் ஊரில் 2014இல் 7,600 சொச்சம்தான்.

தாட் காக்ரன், 1978இலிருந்து செனட்டர். ஜூன் 3 பிரைமரியில் கிறிஸ் மெக்டானியல் 49.5, காக்ரன் 49. மூன்றாவதாக நின்ற ஒருவர் ஒன்றரை சதவீதத்தைப் பிரித்துக்கொண்டார். எங்கள் மாநிலத்தில் யாருக்கும் 50 தாண்டாவிட்டால் மறுசுற்று. மூன்று வாரம் கழித்து, ஜூன் 24. அந்த மூன்று வாரத்தில் காக்ரன் ஆட்கள் போன இடம் கறுப்பின மக்களின் தேவாலயங்களும் குடியிருப்புகளும். காலமெல்லாம் டெமக்ராட்டுக்குப் போடுகிறவர்கள்! இங்கும் கட்சிப் பதிவு இல்லை. முதல் சுற்றில் டெமக்ராட் சீட்டு வாங்காதவர் யாரும் ரிபப்ளிகன் மறுசுற்றுக்கு வரலாம். வந்தார்கள். மறுசுற்றில் கூட்டம் குறையும் என்பார்கள். 60 ஆயிரம் ஓட்டுக்கு மேல் கூடியது. காக்ரன் ஜெயித்தார். மெக்டானியல் கோர்ட்டுக்குப் போனார், தாமதமாக வந்தாய் என்று தள்ளிவிட்டார்கள்.

எங்கள் மோட்டலில் வேலை பார்த்த ஒரு கறுப்பினப் பெரியவர் அன்று மதியம் இரண்டு மணி நேரம் அனுமதி கேட்டார். வாழ்க்கையில் முதல் தடவை ரிபப்ளிகன் சீட்டு வாங்கப் போகிறேன், பெண்டாட்டியிடம் சொல்லாதே என்றார்.

புதுவாக்காளர்

எல்லாருக்கும் நன்றி. கொலம்பஸ் அண்ணா, டோனட் கதையை என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன், இரண்டு தடவை சிரித்தார். இன்னும் ஒரு சந்தேகம். இந்தியானாவில் தோற்றவர் சுயேச்சையாக நிற்க முடியாது என்றீர்கள். எல்லா மாநிலத்திலும் அப்படித்தானா?

பாஸ்டன் பழசு

இல்லை, மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பக்கத்துக் கனெக்டிகட்டிலேயே 2006இல் செனட்டர் ஜோ லீபர்மன் ஆகஸ்ட் பிரைமரியில் நெட் லமாண்டிடம் 52க்கு 48 என்று தோற்றார். சுயேச்சையாக நிற்கக் கையெழுத்துக் கொடுக்கக் கடைசி நாள் பிரைமரிக்கு மறுநாள். மனுஷர் முன்னாடியே திரட்டி வைத்திருந்தார்! மறுநாள் கொடுத்தார், நவம்பரில் ஜெயித்தும் விட்டார். அதன் பிறகு லமாண்ட் ஆதரவாளரான என் மைத்துனர் லீபர்மன் பெயரைச் சொன்னாலே எழுந்து போய்விடுவார்.

இன்னொன்று உங்களுக்கென்றே சொல்ல வேண்டும். அலாஸ்காவில் 2010இல் செனட்டர் லிசா மர்கவ்ஸ்கி பிரைமரியில் சுமார் 2,000 ஓட்டில் தோற்றார். அச்சடித்த சீட்டில் பெயர் வராது. மக்கள் கையால் பெயரை எழுதிப் போட வேண்டும். அந்தப் பெயரை இங்கிலீஷில் எழுத ஒன்பது எழுத்து, உள்ளூர்க்காரனுக்கே தப்பு வரும். விளம்பரத்தில் எழுத்துக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார்கள், பெயர் அச்சடித்த ரப்பர் வளையல் கொடுத்துக் கையில் மாட்டிக்கொண்டு போகச் சொன்னார்கள். ஜெயித்தார். அப்படி எழுதிப் போட்ட ஓட்டால் செனட்டுக்குப் போனவர் அதற்கு முன் கடைசியாக 1954இல் ஸ்ட்ராம் தர்மண்ட்தான். எழுத்துப் பிழை இருந்த ஓட்டுகளை எண்ணக் கூடாது என்று எதிராளி கோர்ட்டுக்குப் போய்த் தோற்றார். வாக்காளர் நினைத்தது புரிந்தால் போதும் என்று தீர்ப்பு.

புதுவாக்காளர்

அப்படியானால் என் நாலு எழுத்துக்கு நம்பிக்கை இருக்கிறது!

டெமக்ராட் சீட்டு வாங்குவது என்று முடிவு. 2010இல் ஸ்காட் பிரவுன் ஜெயித்த பிறகு இங்கே ரிபப்ளிகன் யாரும் செனட்டுக்குப் போகவில்லை என்று கணவர் கூகுள் பார்த்துச் சொன்னார். அப்படியென்றால் நிஜத் தேர்தல் செப்டம்பரில்தான். யாருக்கு என்பது இன்னும் தெரியவில்லை. அவர் மார்க்கிதான் என்கிறார். நான் இரண்டு பேரும் பேசுவதைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். தபாலில் போடப் போவதில்லை. மேஜையில் கேட்கும்போது வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும்.