செதுக்கிய மர ஆப்புக் காலணிகள்: காலத்தை எப்படிக் கணிப்பது, அறுந்த வாரை என்ன செய்வது?

பழம்பொருள் விரும்பி:
அனைவருக்கும் வணக்கம். பிலிப்பைன்ஸ் நாட்டு நினைவுப்பொருளாக விற்கப்பட்ட ஒரு சோடி மரக்காலணி அண்மையில் என் சேகரிப்பில் சேர்ந்திருக்கிறது. உயர்ந்த ஆப்பு வடிவக் குதிகாலைக் குடைந்து, கால்கள்மேல் நிற்கும் ஓலைக் குடிசை ஒன்றையும் தென்னை மரத்தையும் செதுக்கி, வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். நாரால் பின்னிய மேல்வார் ஒரு காலில் அறுந்துவிட்டது. அடிக்கட்டையில் சில சிறு துளைகளும் தெரிகின்றன. செய்தவரின் பெயரோ முத்திரையோ எங்கும் இல்லை. இது 1940களைச் சேர்ந்ததுதானா என்பதை எவ்வாறு உறுதிசெய்வது? வாரை மாற்றிப் புதிய வார்னிஷ் பூசலாமா?

உளிமுனை:
முத்திரை இல்லாததைக் குறையாகக் கொள்ள வேண்டாம். 1944 அக்டோபரில் அமெரிக்கப் படைகள் பிலிப்பைன்ஸின் லெய்டே தீவில் இறங்கியதிலிருந்து இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய சில ஆண்டுகள் வரை, இத்தகைய காலணிகளைப் படைவீரர்கள் வாங்கித் தங்கள் மனைவியருக்கும் தாய்மாருக்கும் அனுப்பினார்கள். கைவினைஞரிடமிருந்து வாங்குபவரின் கைக்கு நேராகச் சென்ற பொருளில் நிறுவனப் பெயரை எதிர்பார்க்க முடியாது. பாக்யா எனப்படும் மரச்செருப்பு அந்நாட்டு மக்கள் அன்றாடம் அணிந்ததுதான். லனீத்தே, சந்தோல் போன்ற மென்மையான மரங்களில் அதைச் செய்தார்கள். லகுனா மாகாணத்துப் பாயெத்தே ஊர் மரச்செதுக்கு வேலைக்குப் பெயர்பெற்றதாக இருந்தாலும், அதை மட்டும் வைத்து எந்தச் சோடியையும் அவ்வூருடையது என்று சொல்லிவிடக் கூடாது.

ஆப்புக் குதிகாலுக்கு வேறொரு பின்னணி உண்டு. எத்தியோப்பியாவின் மீது படையெடுத்ததற்காக 1935இல் இத்தாலி மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையால் காலணியின் வளைவைத் தாங்கும் நல்ல எஃகு கிடைக்காமல் போனபோது, இத்தாலியக் காலணி வடிவமைப்பாளர் சல்வத்தோரே ஃபெர்ரகாமோ தக்கைக் கட்டையால் ஆப்பு வடிவக் குதிகாலை உருவாக்கினார். சில ஆண்டுகளில் அது உலகெங்கும் பரவியது. அமெரிக்காவில் 1943 பிப்ரவரியில் தோல் காலணிகளுக்குப் பங்கீடு வந்து, ஒருவருக்கு ஆண்டுக்கு மூன்று சோடி என்ற வரம்பும் விதிக்கப்பட்டது. மரமும் நாருமாக வந்த அழகிய காலணியை அப்போது எவ்வளவு ஆவலோடு வரவேற்றிருப்பார்கள் என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

காலத்தைக் கணிக்கும்போது குடிசை, நீர் எருமை, தென்னை ஆகிய உருவங்களை அளவுகோலாக்காதீர்கள். அவை பிற்காலப் பொருள்களிலும் தொடர்கின்றன. இரண்டு குதிகால்களையும் அருகருகே வைத்து உளித்தடங்களை ஒப்பிடுங்கள். கையால் செதுக்கியதாக இருந்தால் ஓலைக் கீற்றுகளின் எண்ணிக்கைகூட வலத்துக்கும் இடத்துக்கும் வேறுபடும். வாரைப் பிடித்திருக்கும் ஆணிகளின் தலைகளைச் சுற்றி மரத்தில் துருக்கறை ஊறியிருக்கிறதா என்றும், அறுந்த வாருக்கு அடியில் மறைந்திருந்த மரம் மற்றப் பகுதியைவிட வெளிறியிருக்கிறதா என்றும் பாருங்கள். இவை பழைய வார் நெடுங்காலம் அங்கேயே இருந்ததற்கான சான்றுகள். ஊர்ப்பெயரும் ஆண்டும் எழுதியிருக்கும் சோடிகளில், அந்த எழுத்து வார்னிஷுக்கு அடியில் இருக்கிறதா மேலே இருக்கிறதா என்பதை உருப்பெருக்கியால் பார்த்த பிறகே அந்த ஆண்டை நம்ப வேண்டும்.

ஆகவே புதிய வார்னிஷ் பூசவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. நான் மேலே சொன்ன அத்தனை சான்றுகளையும் ஒரே பூச்சு மறைத்துவிடும்.

நூலாம்படை:
வார்னிஷைப் பற்றி உளிமுனை சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். வாரையும் மாற்ற வேண்டாம். பழைய ஆணித்துளைகளில் புதிய ஆணியை அறைந்தால் காய்ந்த மரம் நார்வாக்கில் பிளந்துவிடும். அமிலமற்ற மெல்லிய தாளைச் சுருட்டி உள்ளே வைத்து வாரைத் தாங்கச் செய்து, அறுந்த இரு முனைகளையும் மெல்லிய பருத்தி நூலால் இணைத்துக் கட்டினால் போதும். பின்னால் அதை எளிதில் அவிழ்த்துவிடலாம். பசை வேண்டவே வேண்டாம்.

உடனே கவனிக்க வேண்டியவை அடிக்கட்டையில் தெரியும் அந்தச் சிறு துளைகள்தாம். அவை மரம் அரிக்கும் பூச்சி இட்டவையாக இருக்கலாம். காலணியைக் கறுப்புத் தாளின்மீது வைத்துச் சில வாரங்கள் பாருங்கள். மாவு போன்ற தூள் புதிதாக உதிர்ந்தால் மரம் இன்னும் உளுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதுவரை மற்ற மரப்பொருள்களோடு சேர்த்து வைக்காதீர்கள்.

பழம்பொருள் விரும்பி:
இருவருக்கும் நன்றி. வலக்காலின் தென்னையில் ஐந்து கீற்றுகளும் இடக்காலில் ஆறும் இருக்கின்றன. வாருக்கு அடியில் மரமும் வெளிறியே இருக்கிறது. தூள் உதிர்ந்தால் பூச்சிமருந்து ஊற்றலாமா?

நூலாம்படை:
வேண்டாம், மருந்திலுள்ள கரைப்பான் வண்ணத்தைக் கரைத்துவிடக்கூடும். பாலித்தீன் பையில் இட்டு, காற்றை இயன்றவரை வெளியேற்றி மூடி, உறைபெட்டியில் -20 டிகிரி செல்சியஸில் இரண்டு வாரம் வைத்திருங்கள். வெளியே எடுத்த பின்னர் அறை வெப்பநிலைக்கு வர ஒரு முழு நாள் விட்டு, அதற்குப் பிறகே பையைத் திறக்க வேண்டும். இல்லையேல் மரத்தின்மீது நீர் படியும். வண்ணம் ஏற்கெனவே செதிலாக உரிந்துகொண்டிருந்தால் மட்டும் இந்த முறையைக் கையாளாமல், மரப்பொருள் பாதுகாப்பில் பயிற்சி பெற்ற ஒருவரிடம் முதலில் காட்டுங்கள்.