உதவி: தைராய்டு மாத்திரை + கால்சியம், அவசரம்

பாலக்கோட்டான்: அம்மா தைராய்டு மாத்திரை தவறாமல் போடுகிறார். ஆனாலும் ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். (உடலில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் ஏறும் அளவு) ஏறிவிட்டது. முட்டி வலிக்குக் கால்சியம் கொடுத்தார்கள், அதுதான் காரணமா? நாளையே நிறுத்திவிடலாமா? பஸ்ஸில் இருக்கிறேன், சீக்கிரம் சொல்லுங்கள்.

அரூர் அக்கா: எவ்வளவு ஏறியது? எத்தனை மைக்ரோகிராம் மாத்திரை? கால்சியம் எத்தனை மணிக்கு? ஒன்றும் சொல்லாமல் கேட்டால் ஜோசியம்தான் பார்க்கணும் தம்பி. டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதீங்க.

மாந்தோப்பு: கால்சியம் மாத்திரையே வேண்டாம். தினமும் ராகிக் களி, இரண்டு உருண்டை. 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது.

பழைய ஆள்: இதற்கு எத்தனை தடவைதான் பதில் எழுதுவது? தேடிப் பார்க்க யாருக்கும் பொறுமை கிடையாது. கால்சியம் தைராய்டு மருந்தைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும், ரத்தத்தில் சேர விடாது. நடுவில் குறைந்தது 4 மணி நேரம் வேண்டும். இரும்புச் சத்து மாத்திரைக்கும் இதே கணக்கு. அரிச்சுவடி.

பாலக்கோட்டான்: மன்னிக்கவும். 75 மைக்ரோகிராம். டி.எஸ்.எச். முன்பு 3.1, இப்போது 11.4. கால்சியம் தொடங்கி மூன்று மாதம். மறக்கக் கூடாதென்று ராத்திரியே இரண்டையும் டம்ளர் மூடியில் எடுத்துவைத்து, காலை 6 மணிக்கு ஒரே மடக்கில் விழுங்குகிறார். கையோடு காப்பி.

பழைய ஆள்: ஆக, முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியது இதுதான்.

கடைக்காரர்: மருந்துக் கடையில் இருக்கிறேன். அட்டையில் கால்சியம் கார்பனேட் என்று இருந்தால் அந்தக் கால்சியத்தைச் சாப்பாட்டோடு போட்டால்தான் நன்றாகச் சேரும். மதியச் சோற்றுக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், தண்ணீரில். காப்பி அரை மணி நேரமாவது கழித்து, ஒரு மணி நேரம் என்றால் இன்னும் நல்லது.

பென்னாகரம் 77: முட்டி வலிக்கு யாரும் தண்ணீரைக் கேட்கவில்லையே. நம் தர்மபுரி மாவட்டத்து போர் தண்ணீரில் ஃப்ளோரைடு. அது எலும்பில் சேர்ந்தாலும் மூட்டு வலிக்கும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் ஆபத்து.

மாந்தோப்பு: ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீர்தான் 2013லேயே வந்துவிட்டதே?

பென்னாகரம் 77: உங்கள் தெருவுக்கு வந்திருக்கும். எங்களுக்கு வாரம் ஒரு நாள், அதுவும் நான்கு குடம். மற்ற நாள் போர்தான்.

மாந்தோப்பு: அது பஞ்சாயத்துக் கோளாறு, திட்டத்தின் கோளாறு இல்லை.

அரூர் அக்கா: தண்ணீர்ச் சண்டைக்குத் தனி இழை போடுங்கப்பா. மாந்தோப்பு, உங்கள் களியிலும் கால்சியம்தானே? அதையும் மாத்திரையோடு காலையில் சாப்பிட்டால் இடிக்காதா?

பாலக்கோட்டான் (இரண்டு மாதம் கழித்து): டாக்டர் அளவை மாற்றவில்லை, கால்சியத்தை மட்டும் மதியத்துக்குத் தள்ளச் சொன்னார். ஏழு வாரம் கழித்து 4.2. காப்பி 7 மணிக்குத்தான் என்பதால் அம்மா இன்னும் என்னைத் திட்டுகிறார். நன்றி.

பென்னாகரம் 77: முட்டி வலி? எந்தத் தண்ணீர் குடிக்கிறார்?

மாந்தோப்பு: களி கொடுத்தீர்களா?