மறையுரைக்கு மார்க்கா? எட்டு நிமிடப் பஞ்சாயத்து

வாசகமேடை: “ஞாயிறு மறையுரைக்கும் (திருப்பலியில் நற்செய்தி வாசித்த பின் ஆற்றும் விளக்கவுரை) டோஸ்ட்மாஸ்டர்ஸ் (மேடைப்பேச்சுப் பயிற்சி மன்றம்) மதிப்பீட்டுத் தாளை வைத்தே மார்க் போடலாம், 8 நிமிடம் தாண்டினால் நேரத்துக்குப் பூஜ்யம்” என்று கடைசிபெஞ்ச் எழுதியிருக்கிறார். ஐயா, அங்கே வழக்கமான பேச்சுக்கு 5 நிமிடத்தில் பச்சை, 6இல் மஞ்சள், 7இல் சிவப்பு அட்டை காட்டுவார்கள். பீடத்துக்கு எதிரே அட்டை தூக்கப்போவது யார், உபதேசியாரா?

கடைசிபெஞ்ச்: கைக்கடிகாரம் போதும். 8 என்பது என் கணக்கில்லை. 2024 ஜூன் 12 மறைக்கல்வி உரையில் திருத்தந்தை (போப்) பிரான்சிஸ் சொன்னது. அதற்கு மேல் போனால் ஜனம் தூங்கிவிடும், தூங்குவதும் நியாயம்தான் என்றார்.

வாசகமேடை: 2018 பிப்ரவரியில் அவரே 10 என்றாரே? திருச்சபைச் சட்டம் 767ஐப் படியுங்கள். ஞாயிறு மறையுரை கட்டாயம் என்கிறது, குருவோ திருத்தொண்டரோ (குருவுக்கு அடுத்த நிலைத் திருப்பணியாளர்) ஆற்ற வேண்டும் என்கிறது. நிமிடக் கணக்கே இல்லை.

புதியவன்: முதலில் மறையுரை என்றால் என்ன, மேடைப்பேச்சு என்றால் என்ன என்று பேசிவிடலாமே?

கடைசிபெஞ்ச்: 10 என்றவர்தான் 8 ஆக்கினார், குறைத்தாரே தவிர கூட்டவில்லை. கணக்கெடுப்பது எப்படி என்றும் சொல்கிறேன். நற்செய்தி முடிந்து ஜனம் உட்கார்ந்ததும் கடிகாரத்தைத் தொடங்கணும். பாதி நேரம் எங்கே போகிறது தெரியுமா? இப்போதுதான் வாசித்த உவமையை மறுபடி கதையாகச் சொல்வதில். விதைப்பவர் விதைத்தார், வழியோரம் விழுந்தது, பாறையில் விழுந்தது... அதற்கே 3 நிமிடம். அப்புறம் “இறுதியாக” எத்தனை முறை வருகிறது என்று கோடு போடுங்கள். இரண்டாவது “இறுதியாக”வில் ஜனம் எழ ஆயத்தமாகிவிடும், அவரோ புதுக் கிளைக்கதை தொடங்குவார். முடிந்ததும் ஒரே பெஞ்சில் மூன்று பேரிடம் சாரத்தை ஒரு வரியில் கேளுங்கள். மூன்றும் மூன்று விதமாக வந்தால் மறையுரை தோற்றது.

மைக்செட்: நிமிடத்தை விடுங்கப்பா. உயரக் கூரை, கல் சுவர் உள்ள கோவிலில் ஒரு சொல்லின் எதிரொலி அடங்குமுன் அடுத்த சொல் வந்தால் பின்வரிசைக்கு வெறும் இரைச்சல்தான். வாக்கியத்துக்கு வாக்கியம் மூச்சுவிட்டுப் பேசணும். மைக் வாயிலிருந்து ஒரு சாண், கொஞ்சம் பக்கவாட்டில். நேரே வைத்தால் ஒவ்வொரு ‘ப’வுக்கும் டப் டப்.

கடைசிபெஞ்ச்: மூச்சு தாராளமா விடட்டும், 8க்குள் விடட்டும்.

வாசகமேடை: அதே பிரான்சிஸ் எழுதிய ‘நற்செய்தியின் மகிழ்ச்சி’ (2013) மடல், எண் 138: மறையுரை சொற்பொழிவு போலவோ வகுப்பு போலவோ தோன்றக்கூடாது. நீங்கள் சொற்பொழிவுத் தாளோடு உட்காருகிறீர்கள். பேஷ்!

கடைசிபெஞ்ச்: அதே வரியில் “சுருக்கமாக” என்று இருப்பதை ஏன் முழுங்கினீர்? 157ஐயும் படியும்: ஒரு கருத்து, ஒரு உணர்வு, ஒரு படிமம். ஒன்று, ஒன்று, ஒன்று. எட்டு நிமிடத்துக்கு அது தாராளம்.

பாடகர்குழு: நேரத்தைத் தின்பது மறையுரை இல்லை, கடைசி அறிவிப்பு. அன்பியக் (பங்கின் சிறு குழு) கூட்டம், அசன (பொது விருந்து) வசூல், சைக்கிள் ஸ்டாண்டு...

கடைசிபெஞ்ச்: திருவிருந்துப் பாடலுக்கு ஆறு சரணம் பாடுகிறவர் நேரத்தைப் பற்றிப் பேசுகிறார்! பதிலுரைப் பாடல் திரியில் (விவாத இழையில்) உம்மைக் கேட்ட கேள்விக்கே இன்னும் பதில் வரவில்லை.

பாடகர்குழு: அந்தத் திரியைப் பூட்ட வைத்ததே நீர்தானே.

வாசகமேடை: சட்டத்தில் 8 எங்கே? எண்ணைக் காட்டும்.

கடைசிபெஞ்ச்: ஜூன் 12. வேறு கேள்வி இருந்தால் கேளும்.