அப்பாவின் டேப்புகளை ஓட்ட ஒரு பழைய கேமரா வேண்டும்

வணக்கம் நண்பர்களே. என் அப்பா திருநெல்வேலிப் பக்கம் கல்யாண வீடியோ எடுத்தவர். போன ஐப்பசியில் தவறிவிட்டார். அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் செய்துகொண்டிருக்கிறேன். எனக்கு இதுதான் முதல் படம்.

எந்த வீடியோவிலும் அவர் முகம் இல்லை, குரல்தான் இருக்கிறது. "மாப்பிள்ள, இப்படிப் பாருங்க", "லைட்ட மறைக்காதீங்க தாயி" என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து வரும். படம் முழுக்க அந்தக் குரலை வைத்தே நகர வேண்டும் என்று ஆசை. இந்தத் துக்கத்தைச் சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை.

கேசட் மினிடிவி என்ற சின்ன டிஜிட்டல் வீடியோ டேப்தான். ஆனால் சோனி பிடி 170 கேமராவில் டிவிகேம் என்ற சோனியின் தொழில்முறைப் பதிவு முறையில் பதிவு செய்திருக்கிறார். வீட்டு ஹேண்டிகேம் பலவற்றில் அது ஓடாது. அந்தக் கேமராவை அவர் எப்போதோ விற்றுவிட்டார். ஓடும் நிலையில் பிடி 150, பிடி 170 அல்லது டிஎஸ்ஆர் டெக் (இந்த டேப்பை ஓட்டும் சோனி பிளேயர்) வைத்திருப்பவர்கள் சில நாள் வாடகைக்குத் தர முடியுமா? டேப்பிலிருந்து வீடியோவை ஏற்ற ஃபயர்வயர் என்ற பழைய கேபிள் போர்ட் உள்ள கம்ப்யூட்டரும் தேவை. ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி போல வரும்; ஹார்டு டிஸ்க் என்னிடம் இருக்கிறது.

சில டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருக்கிறது. அப்படியே போட்டால் டேப்பைப் படிக்கும் ஹெட் கெடும், அதனால் அவற்றை உங்கள் கேமராவில் போடவே மாட்டேன். பூஞ்சை எடுக்கத் தெரிந்த அண்ணன்மார் மதுரை, நாகர்கோவில் பக்கம் இருந்தால் சொல்லுங்கள். கூரியரில் அனுப்ப மனசு வரவில்லை, நானே நேரில் கொண்டுவருகிறேன். விவரம் தெரிந்தவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள்.